தெருவே முகவரி

ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் கடைவீட்டு வரிசைகளின் பின்சந்து இரவு பதினொரு மணிக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். முன்பக்கம் இரும்புக் கதவுகள் இறங்கிவிட்டிருக்கும். பின்பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம், கால்வாயில் சோப்புத் தண்ணீர் விழும் சத்தம், கறுப்புக் குப்பைப் பைகளை இழுத்துக் கட்டும் சத்தம். அந்த நேரத்துக்கு அது வரும். செம்பழுப்பு நிறம், விறைத்த காதுகள், அரிவாளாக வளைந்த வால், ஒட்டிய வயிறு. பாய்ந்து வராது. தெருவிளக்கின் வெளிச்சம் முடிகிற இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கடையின் பின்கதவு திறந்து, வேலை செய்யும் தம்பி மீந்த சோற்றையும் மீன் தலையையும் ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு உள்ளே போன பிறகுதான் எழுந்து வரும். சாப்பிடும்போதும் ஒரு காது கதவுப் பக்கமே இருக்கும்.

பல வாரங்களாக இந்த நாயைப் பார்த்து வருகிறேன். கடைக்கு விடுமுறை நாளில் அந்தக் கதவுக்கு வருவதே இல்லை; நேராக அடுத்த சந்துக்குப் போய்விடும். அதற்கு நாள்காட்டி தெரியாது. காலையிலிருந்து அந்தப் பக்கம் எண்ணெய் காயவில்லை, வெங்காயம் வதங்கவில்லை, அவ்வளவுதான். நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் ஐம்பது அறுபது லட்சம் என்றால், நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல். நாம் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கடையை அறிகிறோம். அது அடுப்பை முகர்ந்து அறிகிறது.

இந்த நாயை அரசு அறிவிப்புகள் 'அஞ்ஜிங் லியார்' என்கின்றன. மலாயில் லியார் என்றால் பழக்கப்படாதது, காட்டுத்தனமானது. 'ஸ்ட்ரே' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வழிதவறி அலைவது என்று பொருள். எங்கோ ஒரு வீடு இருந்தது, அதை விட்டு வந்துவிட்டது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. விலங்கு ஆர்வலர்கள் 'அஞ்ஜிங் தெர்பியார்' என்கிறார்கள், கவனிப்பாரின்றி விடப்பட்டது என்ற பொருளில். நாம் தெருநாய் என்கிறோம். காட்டிலிருந்து வந்ததாகவும் இல்லை, வீட்டை இழந்ததாகவும் இல்லை, தெருவைச் சேர்ந்தது. அந்தச் சொல்லை நாமே வசவாகவும் பயன்படுத்துகிறோம் என்பது வருத்தம்தான். ஆனால் அறிவியல் கண்டறிந்ததற்கு மிக நெருக்கமாக நிற்பது நம் சொல்லே. உலகில் எழுபது கோடி முதல் நூறு கோடி வரை நாய்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு, கழுத்தில் கயிறு இல்லாமல் மனிதக் குடியிருப்புகளை ஒட்டித் திரிந்து வாழ்பவை. மெத்தையில் படுத்து உறங்கும் நாய்தான் சிறுபான்மை.

நாயின் மூதாதை சாம்பல்நிற ஓநாய். இரண்டும் பிரிந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. எங்கே பிரிந்தன, ஓரிடத்திலா பல இடங்களிலா என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை. மனிதர் வீசிய எலும்பையும் மிச்சத்தையும் தேடி முகாமின் ஓரத்துக்கு வந்த ஓநாய்களில், ஆளைக் கண்டதும் ஓடாதவைதான் வயிறார உண்டன, அவைதான் பெருகின என்பது ஒரு கருத்து. அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் இதை வலியுறுத்தி வந்தார். அப்படிப் பார்த்தால், பின்சந்தில் வெளிச்சத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் நாய் செய்த முதல் வேலை.

ஆனால் மிச்சம் மட்டும் இந்த உறவைக் கட்டவில்லை. ஜெர்மனியின் பான் நகரத்துக்கு அருகில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் கல்லுடைக்கும்போது ஒரு புதைகுழி கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. வயது 14,000 ஆண்டுகளுக்கு மேல். அந்தக் குட்டியின் பற்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் 2018இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஏழு மாதக் குட்டியாக இறந்த அது, அதற்கு முன்பே டிஸ்டெம்பர் என்ற கொடிய தொற்றில் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறது. வாந்தியும் பேதியும் வலிப்பும் வரும் நோய். யாராவது பக்கத்தில் இருந்து தண்ணீர் புகட்டி, துடைத்து, கதகதப்பாக வைத்திராமல் அது வாரக்கணக்கில் உயிரோடு இருந்திருக்க முடியாது. வேட்டைக்குப் போக முடியாத, காவலுக்கும் உதவாத ஒரு குட்டிக்குப் பனியுகத்து மனிதர் இதைச் செய்தார்கள்.

சந்து நாய் சோறு தின்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஓநாய்க்குச் சோறு போட்டால் அதிலிருந்து அதற்குப் பெரிதாக ஒன்றும் கிட்டாது. 2013இல் சுவீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகள் ஓநாயிடம் இருந்தன. நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை. மனிதன் விதைத்து அறுக்கத் தொடங்கிய பிறகு, அவன் தின்பதைத் தின்று பிழைக்க முடிந்த நாய்கள் பெருகின. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் தாண்டி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த டிங்கோவிடம் இன்றும் பெரும்பாலும் இரண்டே பிரதிகள்தான். அது போன இடத்தில் வயல் இல்லை, சோறு இல்லை. நம் தெருநாயின் குடலில் நெல்லின் வரலாறு இருக்கிறது.

முகத்தில் மனிதனின் வரலாறு இருக்கிறது. புருவத்தின் உள்முனையை உயர்த்தி ஏக்கமாகப் பார்க்கிறதே, அந்தப் பார்வைக்கு என்று ஒரு சிறிய தசை நாய்களிடம் உண்டு. ஓநாய்களிடம் அது தனித் தசையாக வளர்ந்திருக்கவில்லை என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம்மோடு பேசுவதற்காகவே முகம் மாறியிருக்கிறது. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகளாகத் தெருநாய்களை மட்டுமே ஆராய்கிறார்கள். உணவுக் கிண்ணத்தை மனிதர் கைநீட்டிக் காட்டினால், எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய் அதைப் புரிந்துகொள்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் தினமும் சாப்பாடு போடுவதைவிட, தினமும் தலையைத் தடவிக் கொடுப்பது அதன் நம்பிக்கையைக் கூடுதலாகப் பெறுகிறது. அதே குழு கண்ட இன்னொரு உண்மை நெஞ்சை அறுக்கும். தெருவில் பிறக்கும் குட்டிகளில் நூற்றுக்குப் பத்தொன்பதுதான் ஏழு மாதம் தாண்டுகின்றன. சாவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதரே காரணம்.

நம் மலாய்த் தீபகற்பத்துக்கென்றே ஒரு பழைய நாய்க் குலம் உண்டு. பகாங்கின் தெலோம் ஆற்றங்கரைப் பூர்வகுடிகளிடம் வளர்ந்ததால் அதற்குத் தெலோமியன் என்று பெயர். 1963இல் மானுடவியலாளர் ஓர்வில் எலியட் அதை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். தூண்கள்மேல் எழுப்பிய வீடுகளில் மனிதரோடு ஏணி ஏறி இறங்கி வாழ்ந்த நாய் அது. சீன வணிகர்களும் வெள்ளைக்காரத் துரைகளும் தத்தம் நாய்களைக் கொண்டுவருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மண்ணில் நாய் இருந்திருக்கிறது.

பிறகு நகரம் வந்தது.

பழைய நகரங்களுக்கு நாய் தேவைப்பட்டது. மூடிய சாக்கடை இல்லை, குப்பை லோரி இல்லை. வீசியதை உண்டு தெருவைச் சுத்தப்படுத்தியது நாய். இரவில் அந்நியனைக் கண்டு குரைத்துக் காவல் காத்ததும் அதுவே. அதற்குச் சம்பளம் மிச்சச் சோறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகராட்சிகள் பெருகின. சாக்கடை மூடப்பட்டது, தெருவைக் கூட்ட ஆட்கள் வந்தார்கள். நாயின் வேலை பறிபோனது. வேலை போன பிறகுதான் அது தொல்லையாக, அசுத்தமாக, ஆபத்தாகக் கண்ணில் பட்டது. பிரிட்டனில் 1796இலேயே நாய்க்கு வரி வந்துவிட்டது. ஒவ்வொரு நாய்க்கும் ஓர் எசமான் இருக்க வேண்டும், எசமான் இல்லாத நாய் உயிரோடு இருக்கக்கூடாது என்ற எண்ணம் நமக்குப் பழையதுபோல் தோன்றுகிறது. சட்டமாக அதற்கு வயது இருநூறு சொச்சம்தான்.

நம் பக்கத்தில் இந்த மோதல் பம்பாயில் வெடித்தது. கோடை மாதங்களில் தெருநாய்களைக் கொல்லும் உத்தரவு அங்கே முன்பே இருந்தது. 1832இல் அதன் காலத்தை நீட்டினார்கள். நாய்க்கு இவ்வளவு என்று கூலி கிடைத்ததால் பிடிப்பவர்கள் வீட்டு வாசலில் படுத்திருந்த நாய்களையும் விடவில்லை. பார்சிகளின் சமயத்தில் நாய்க்கு உயர்ந்த இடம் உண்டு. அவர்களுடைய இறுதிச் சடங்கிலேயே நாயின் பார்வைக்குப் பங்கு உண்டு. ஜூன் மாதத்தில் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள், மற்றவர்களும் சேர்ந்தார்கள், கடைகள் மூடின, ஆங்கிலேயரின் கோட்டைக்குப் போகும் பொருள்கள் நின்றன, பட்டாளம் வரவேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டு கழித்து, 1834இல், ஜம்சேட்ஜி ஜீஜீபாய் பம்பாய் பாஞ்சராபோல் என்ற விலங்குக் காப்பகத்தை நிறுவினார். லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி நாய்களுக்கான இல்லத்தை 1860இல்தான் தொடங்கினார்.

இஸ்தான்புல்லில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. அந்நகரத்து நாய்கள் தெருவாரியாகப் பிரிந்து வாழ்ந்தவை. ஒவ்வொரு தெருவாரும் தங்கள் நாய்களுக்குத் தண்ணீரும் ரொட்டியும் வைத்தார்கள். 1910இல், ஐரோப்பிய நகரங்களைப்போல் ஆகவேண்டும் என்று விரும்பிய ஆட்சியாளர்கள் பல பத்தாயிரம் நாய்களைப் பிடித்து, மர்மரா கடலில் உள்ள சிவ்ரியடா என்ற மொட்டைப் பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். தண்ணீர் இல்லை, உணவு இல்லை. காற்று வீசும் இரவுகளில் ஊளைச் சத்தம் கரையில் கேட்டது என்கிறார்கள். அந்நகரத்தில் இன்றும் தெருநாய்கள் இருக்கின்றன. 2024இல் துருக்கி நாடாளுமன்றம் அவற்றை எல்லாம் காப்பகங்களில் அடைக்கச் சட்டம் போட்டது.

இதையெல்லாம் கொடூரம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஒரு நியாயமான பயமும் இருந்தது: வெறிநாய்க்கடி. கடிபட்ட இடத்திலிருந்து அந்த வைரஸ் இரத்தத்தில் ஓடாது. நரம்பைப் பிடித்துக்கொண்டு நாளுக்குச் சில மில்லிமீட்டர், சில சென்டிமீட்டர் என்று மூளையை நோக்கி ஊர்ந்து போகும். வாரங்கள், மாதங்கள் ஆகலாம். நோயின் குறி தெரிந்துவிட்டால் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மெதுவான பயணம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். 1885இல் லூயி பாஸ்டரால், கடிபட்ட பிறகும் தடுப்பூசி போட்டு ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனைக் காப்பாற்ற முடிந்தது அதனால்தான். தமிழர்களுக்கு இது குன்னூர் வழியாக வந்து சேர்ந்தது. தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் அங்கே 1907இல் தொடங்கப்பட்டது. ஆட்டு மூளையில் வளர்த்து எடுத்த பழைய மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியாகப் போட்டார்கள். அந்தப் பதினான்கு என்ற எண்ணை எங்கள் பாட்டிமார் தோட்டத்து லயங்களில்கூடச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். இப்போது கையில் சில ஊசிகள், அவ்வளவே. பயம் மட்டும் பதினான்கிலேயே நிற்கிறது.

மலாயாவின் பங்கு பெரியது. நாம் அதைச் சொல்லிக்கொள்வதே இல்லை. 1952இல் கோலாலம்பூரில் வெறிநாய்க்கடி நோய் கடுமையாகப் பரவியது. அன்றைய கால்நடைத் துறை நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட முடிவு செய்தது. கோழி முட்டைக் கருவில் வளர்த்த புதிய மருந்து, நாய்க்கு ஒரே ஊசி. ஊர் முழுக்கக் கட்டாயமாக, பெருந்திரளாக நாய்களுக்கு ஊசி போட்டு நோயை அடக்கிய உலகின் முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று. சி. டபிள்யூ. வெல்ஸ் 1954இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் அதை விளக்கி எழுதினார். தெருநாய்களைக் கொல்வதும் கூடவே நடந்தது என்பதை மறைக்கக்கூடாது. 1950களின் நடுவில் தாய்லாந்து எல்லையோரம், பெர்லிஸ் முதல் கிளந்தான் வரை, நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி போட்டு ஒரு தடுப்பு வளையத்தை அமைத்தார்கள். சுவரோ முள்வேலியோ இல்லாத எல்லைக்காவல் அது. நாய்களின் இரத்தத்தில் இருந்த எதிர்ப்புச் சக்திதான் வேலி.

அந்த வேலி 2015இல் அறுந்தது. பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் நோய் தலைகாட்டியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவிட்டார்கள்; பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2017இல் சரவாக்கில் செரியான் பகுதியில் நோய் நுழைந்தது. அதன்பின் அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர். இவர்களில் பலர் குழந்தைகள். நாயை நேசிப்பவர்கள் இந்த எண்களை மறக்கவே கூடாது.

அப்படியானால் கொன்று தீர்ப்பது சரிதானே என்று கேட்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. வெறிபிடித்த ஒரு நாய் சராசரியாக ஒன்றுக்குச் சற்று மேல், இரண்டுக்குக் குறைவான நாய்களுக்குத்தான் நோயைத் தருகிறது. 2009இல் கேட்டி ஹாம்ப்சனும் அவர் குழுவினரும் தான்சானியாவில் கடித்த நாய், கடிபட்ட நாய் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போய் இதைக் கணக்கிட்டார்கள். ஊரில் நாய் அடர்ந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் இந்த எண் பெரிதாக மாறவில்லை. வெறிபிடித்த நாய் அலைந்து திரிந்து எங்காவது சிலதைக் கடித்துவிடுகிறது. ஆகவே பாதி நாயைக் கொன்றாலும் நோய் பாதியாகக் குறையாது. நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டால், வைரசுக்கு அடுத்த படி கிடைக்காமல் அது அங்கேயே முடிந்துபோகும். உண்மையில் அதைவிடக் குறைந்த அளவே போதும்; ஆனால் அடுத்த ஆண்டு ஊசி முகாம் வருவதற்குள் ஊசி போட்ட நாய்கள் சில இறக்கும், போடாத குட்டிகள் பிறக்கும். அந்தத் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் எழுபது.

கொல்வதில் இன்னொரு கேடும் உண்டு. சந்தில் மூன்று நாயை அகற்றினால் மூன்று நாய்க்கான சோறு அப்படியே கிடக்கிறது. பக்கத்துத் தாமானிலிருந்து வேறு நாய் வரும்; மிஞ்சிய பெட்டைக்கு வயிறு நிறைவதால் அதன் குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கும். ஏறத்தாழ இரண்டு மாதச் சினை, ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி, ஆண்டுக்கு இரண்டு ஈற்று. புதிதாக வருபவை எவையும் ஊசி போட்டவையாக இருக்காது. 2008இல் பாலித் தீவுக்கு நோய் வந்தபோது முதலில் கொன்றார்கள். நோய் தீவெங்கும் பரவியது. 2010இலிருந்து தீவு முழுவதும் ஊசி போட்ட பிறகே சாவுகள் சரிந்தன.

இதை அனுபவத்தில் கண்டுபிடித்த முன்னோடி நகரங்களில் ஒன்று சென்னை. அங்கே மாநகராட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நாய்களைக் கொன்று வந்தது. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பை நிறுவினார். அவருடைய மகன் சின்னி கிருஷ்ணா எழுதியிருப்பதன்படி, 1970களில் கொன்ற நாய்களின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியது என்றால், அந்தத் தோலில் பணப்பையும் கழுத்து டையும் செய்யும் அளவுக்குப் போனது. தெருவில் நாய் மட்டும் குறையவில்லை. 1964இலேயே ப்ளூ கிராஸ், பிடித்துக் கருத்தடை செய்து ஊசி போட்டு அதே தெருவில் விடும் முறையைத் தொடங்கியிருந்தது. மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. ஜெய்ப்பூரில் இதே வேலையை 1994 முதல் 2002 வரை விடாமல் செய்தார்கள். அந்தப் பகுதியில் நாய்களின் எண்ணிக்கை நூற்றுக்கு இருபத்தெட்டு குறைந்தது. மனிதர்களிடையே வெறிநாய்க்கடி நோய் இல்லாமல் போனது. இந்தியா இதை 2001இல் விதியாக்கியது. ஆனாலும் 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பதினோரு நாளில் அந்த உத்தரவைத் திருத்த வேண்டியிருந்தது. இந்த விவாதம் எங்கும் முடிந்தபாடில்லை.

பெர்மாஸ் ஜெயாவுக்குப் பக்கத்தில் செனிபோங் கரையில் மீன் சாப்பிடப் போகிறவர்கள், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் விளக்குகளைப் பார்க்கலாம். 1953இலிருந்து வெறிநாய்க்கடி இல்லாத நாடு அது. அங்கும் நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 2018இல் அரசே கொள்கையை மாற்றியது: பிடி, கருத்தடை செய், வீடு தேடிக் கொடு, வீடு கிடைக்காததைத் தகுந்த இடத்தில் விட்டுக் கவனி. ஐந்து ஆண்டில் எழுபது விழுக்காட்டு நாய்களுக்குக் கருத்தடை என்று இலக்கும் வைத்தார்கள். அந்தக் கரையின் கலப்பு நாய்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்'. அதே செம்பழுப்பு, அதே விறைத்த காது. இந்தக் கரையில் லியார், அந்தக் கரையில் ஸ்பெஷல்.

நம் கரையின் கதைக்கு ஒரு தனி வலி இருக்கிறது. ஜொகூரில் இன்று தாமான்களாக நிற்கும் பல இடங்கள் ரப்பர் தோட்டமாகவோ செம்பனைத் தோட்டமாகவோ இருந்தவை. லயத்துக்கு லயம் ஒரு மணி, ஒரு டைகர், ஒரு பிளாக்கி. அதிகாலையில் பால்மரம் வெட்டப் போகிறவர் முன்னால் ஓடிப் பாம்பைப் பார்த்துக் குரைக்கும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும். யாருடையது என்று கேட்டால் நாலு வீட்டுக்காரர் எங்களுடையது என்பார்கள். தோட்டம் விற்கப்பட்டு, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறினார்கள். அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. லோரியில் பெட்டி படுக்கையை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது நாய் பின்னால் ஓடிவந்ததை இன்றும் கண்கலங்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாயைப் போற்றிய மரபு நமக்குப் புதியதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, கள்ளர்களைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்ற நாயைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது; வீரனின் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. 1,400 ஆண்டுக்கு முந்திய கல்.

பெர்மாஸ் ஜெயாவில் நாம் தனியாகவும் வாழவில்லை. மலாய் அண்டைவீட்டாருக்கு ஈரமான நாய் பட்டுவிட்டால் செர்து செய்ய வேண்டும்: ஏழு முறை கழுவி, அதில் ஒரு முறை மண் கலந்த நீர். அவர் விலகிப் போவதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்வது தவறு. தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்று நீரை மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நபிமொழியும் அவர்களுடையதுதான். நம் நாய் அவர் வாசலில் போய் நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. விடியற்காலை நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் புறப்படும் பிள்ளைகளின் பயமும் உண்மையானது. இருட்டில் நாலு நாய் துரத்தினால் வண்டி சாயும். ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் பழைய வேட்டைப் புத்தி. வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் ஆர்வம் வடிந்து நின்றுவிடும். இதைப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

நாட்டில் சட்டமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. கொடுமை செய்தவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வளர்க்கும் நாய்க்கு ஊராட்சி மன்றத்தில் ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். உரிமம் எடுக்காமல், கருத்தடை செய்யாமல், குட்டி போட்டதும் பெட்டியில் வைத்துப் பசார் பக்கம் விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அடுத்த ஆண்டுத் தெருநாய்களை உண்டாக்குகிறார்கள். நாய் பிடிக்கும் லோரியைக் குறை சொல்வதற்கு முன் இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உங்கள் நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள், ஆண்டு தவறாமல் ஊசி போடுங்கள். சோறு வைப்பவர்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தை எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள். பழகிய இடத்தில் பழகிய கைக்கு வரும் நாயைத்தான் ஊசிக்குப் பிடிக்க முடியும். யாரையாவது நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த வைரசின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும்.

போன வாரம் அந்தச் செம்பழுப்பு நாய் மூன்று இரவு வரவில்லை. நாலாம் இரவு வந்தது. இடது காதின் ஓரத்தில் சிறிய முக்கோண வெட்டு, காயம் ஆறிக்கொண்டிருந்தது. யாரோ பிடித்துக் கருத்தடை செய்து, அதே சந்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். மீண்டும் பிடித்து வயிற்றைக் கிழிக்காமல் இருப்பதற்கான அடையாளம் அந்த வெட்டு. அது தெரியாமல், யாரோ அடித்துக் காதை அறுத்துவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. நோய்பிடித்த நாய் என்று மன்றத்துக்குத் தொலைபேசியில் சொல்பவர்களும் உண்டு. உங்கள் தெருவில் காது வெட்டிய நாயைப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரரிடம் அதன் பொருளைச் சொல்லிவிடுங்கள்.